சில்லின் குறையும் ஆணவ மலமும்

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களில் வகுத்தளித்த சைவ சித்தாந்தம், உயிரின் குறையை இடையில் வந்து ஒட்டியதாகக் கொள்வதில்லை. உயிரின் அறிவை மறைக்கும் அழுக்காகிய ஆணவ மலம், செம்பில் களிம்பு போல, தொடக்கமின்றியே அதனோடு உடனிருப்பது என்பது அதன் முடிபு. அவ்வாறாயின், இயல்பிலேயே குறையுடைய பொருள் செம்மையாக இயங்குவது எங்ஙனம் என்ற வினா எழுகிறது.

கருவிகளைச் சிறு நிரலால் இயக்கும் சில்லாகிய மைக்ரோகன்ட்ரோலரிலும் இவ்வினா எழுந்ததுண்டு. ராஸ்பெரி பை நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ஆர்பி2350 என்னும் சில்லில், உள்ளீட்டுக்கான இணைப்புமுனையாகிய பின் ஒன்றைப் பூச்சிய நிலைக்கு இறக்குவதற்கென உள்ளேயே ஒரு மின்தடை உண்டு. எனினும், ஒருமுறை உயர்ந்த மின்னழுத்தம் முழுவதும் இறங்காமல் ஏறத்தாழ 2.2 வோல்ட்டில் நின்றுவிடுகிறது, ஏனெனில் பின்னில் கசியும் மின்னோட்டத்தை அந்த வலுக்குறைந்த தடையால் வெல்ல இயலவில்லை. நிறுவனத்தின் பிழைப்பட்டியலில் இது ஈ9 எனக் குறிக்கப்பட்டது.

இங்குக் கருதத்தக்கது, அந்தப் பின்னை வாசிக்கும் சில்லு, விடுபட்ட பொத்தானையும் அழுத்தப்பட்டதாகவே அறிகிறது என்பதாகும். வெளியிலிருந்து வோல்ட்மீட்டர் வைத்தாலன்றிக் குறை புலப்படாது. இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டும், ஆணவமோ தன்னையும் காட்டாது என்று சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் தம் திருவருட்பயனில் கூறுவது இத்தன்மையையே. ஆணவத்தின் வடிவம் யாது என வினவிய சகலாகம பண்டிதரையே மெய்கண்டார் ஏற இறங்க நோக்கினார் என்றும், அந்நோக்கால் தெளிந்த அப்பண்டிதரே பின்னர் அருணந்தி சிவாச்சாரியார் எனும் மாணவரானார் என்றும் மரபு சொல்கிறது. நூலறிவு மிக்கவர்க்கும் தம் குறையைக் காட்டப் பிறிதொரு கண் வேண்டியிருந்தது.

ஈ9-க்குச் சொல்லப்பட்ட மாற்றுவழி, 8.2 கிலோ ஓம் அல்லது அதனினும் குறைந்த மின்தடை ஒன்றை வெளியே இணைப்பது. அல்லது வாசிக்கும் கணத்தில் மட்டும் உள்ளீட்டைத் திறந்து, மற்ற நேரத்தில் மூடி வைப்பது. இரண்டுமே சிலிக்கனைத் திருத்துவன அல்ல. குறை அங்கேயே இருக்க, அதன் வலிமை மட்டும் அடங்குகிறது. முத்தியிலும் மலம் அழிவதில்லை, அதன் சக்தியே கெடுகிறது எனச் சித்தாந்தம் கொள்வதும், அதற்கு உயிரின் தன்முயற்சி போதாது, திருவருள் வேண்டும் என வற்புறுத்துவதும் இதனோடு வைத்து எண்ணத்தக்கவை.

ஒப்புமைக்கு எல்லை உண்டு. 2025-இல் வந்த அச்சில்லின் ஏ4 பதிப்பில் ஈ9 நீக்கப்பட்டது. உயிருக்கோ அத்தகைய புதிய பதிப்பு இல்லை. பிறவிதோறும் மாறுவது உடலே. மாயையிலிருந்து தரப்படும் அவ்வுடலும் கருவிகளும், ஆணவத்தின் மறைப்பைச் சிறிதளவு விலக்கி உயிர் அறியத் துணைபுரிவன. ஆதலின் உயிரோடு ஒப்பிடத்தக்கது திருத்திய சில்லன்று. பலகையில் ஏற்கெனவே பற்றவைக்கப்பட்டு, வெளித்தடையின் துணையால் பணிபுரியும் பழைய சில்லே.