பதில் சொல்ல வல்லவன்

சீடன்: ஐயா, என்னை யாரும் தடுக்காத நிலைதானே சுதந்திரம்? அதில் பொறுப்பு என்ற பேச்சு எதற்கு?

குரு: தடையில்லாமை அதன் தொடக்கம், அப்பா. பிறருக்குத் தீங்கு நேராமல் காக்க மட்டுமே ஒருவனைச் சமூகம் தடுக்கலாம் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வாதிட்டார். அரசும் ஊரும் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அது நல்ல விடை. அவர்கள் விலகியபின் நீ என்ன செய்யப் போகிறாய் என்பதற்கு நீதான் விடை சொல்ல வேண்டும்.

சீடன்: அப்படியானால், முதலில் கடமையைச் செய், பிறகு உரிமையைக் கேள் என்று சொல்வது சரிதானே?

குரு: அங்கேதான் விழிப்பு வேண்டும். நம் அரசியலமைப்பில் அடிப்படைக் கடமைகள் 1976இல், 42ஆவது திருத்தத்தால் சேர்ந்தன. அது நெருக்கடி நிலைக் காலம். பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்க்கட்சித் தலைவர்கள் விசாரணையின்றிச் சிறையில். அந்தக் கடமைகளில் நான் குறை காணவில்லை. ஆனால் வாயைக் கட்டிவிட்டுக் கடமையைக் கேட்டால் கீழ்ப்படிதல்தான் கிடைக்கும். மறுக்க முடிந்தவன் மனமொப்பி ஏற்பதே பொறுப்பு.

சீடன்: மறுக்க முடிந்தும் மறுக்காதவர்கள்தானே அதிகம்?

குரு: அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கைப் பார். விசாரணையின்றி அடைக்கப்பட்டவருக்காக ஆட்கொணர்வு மனு போடலாமா என்பது கேள்வி. சொந்தப் பகையில் ஒரு காவலர் ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச். ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்றார் அட்டர்னி ஜெனரல். ஐவரில் நால்வர் அரசின் பக்கம் தீர்ப்பெழுதினார்கள். கன்னா மட்டும் மாறுபட்டார். 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி காலியானபோது அவரே மூத்தவர். அவரைத் தாண்டி எம். எச். பெக் நியமிக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

சீடன்: சட்டப் புத்தகம் ஐவருக்கும் ஒன்றுதானே, ஐயா?

குரு: ஒன்றுதான். விளைவு தன் தலையில் விழும் என்று தெரிந்தே கன்னா எழுதினார். அதனால்தான் அவரைச் சுதந்திர மனிதர் என்கிறேன். விளைவுக்கு அஞ்சுகிறவனுடைய முடிவு அவன் கையில் இல்லை. அவனை அச்சுறுத்துகிறவன் கையில் இருக்கிறது.

சீடன்: அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி. எதிர்த்துப் பேசினால் நாளைக்குக் கூலி இல்லை என்று அஞ்சும் தொழிலாளியிடமும் இதே துணிவைக் கேட்பீர்களா?

குரு: கேட்க மாட்டேன். எவ்வளவு சுதந்திரமோ அவ்வளவே பொறுப்பு. அதிகாரமும் வசதியும் உள்ளவன் கூடுதலாகப் பதில் சொல்லக் கடன்பட்டவன். அந்தத் தொழிலாளி அஞ்சாமல் பேசும் நிலையை உண்டாக்காமல் அவருக்குப் பொறுப்பைப் போதிப்பது அநியாயம். அவருடைய அச்சத்தில் நமக்கும் பங்கு உண்டு.

சீடன்: எனக்குப் பெரிய பதவி எதுவும் இல்லை. நான் எங்கே தொடங்குவது?

குரு: "மேலே சொன்னார்கள், செய்தேன்", "எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன்" என்ற இரண்டு பேச்சையும் விடு. கையெழுத்துப் போடுமுன், வாக்களிக்குமுன், காதில் விழுந்த வதந்தியைப் பிறருக்கு அனுப்புமுன், இதை நான்தான் செய்தேன் என்று நாளை நாலு பேர் முன்னால் சொல்வேனா என்று கேட்டுக்கொள்.

சீடன்: அப்படிச் சொல்லித் தோற்றுப்போனால்?

குரு: கன்னாவும் அன்று தோற்றவர்தான். 1978இல் 44ஆவது திருத்தம் வந்தது. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்று ஆயிற்று. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பழைய தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. இன்று உன்னைச் சட்டத்துக்குப் புறம்பாக அடைத்துவைத்தால் உனக்காக நீதிமன்றம் போக வழி இருக்கிறது. அந்த வழி அடைபட்ட நாளில் ஒருவர் தனக்கு வரவேண்டிய பதவியை இழந்தும் அதற்காக நின்றார். உனக்குப் பின் வருகிறவர்களுக்காக நீ எதை இழக்கத் துணிவாய் என்று யோசி.