தனிக்குரலும் பிற்பாட்டும்

குழுவின் முன்னின்று பாடியவர் தனித்துப் பாடுங்கால், அப்பாடல் முற்றும் அவருக்கே உரியதாகுமா? மட்டக்களப்பு வாவிக்கரைக் கூத்துக்களரியில் இவ்வினாவிற்கு ஒரு விடையுண்டு. ஆட்டக்காரர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடியபின்னரே அது கூத்துப் பாட்டாகின்றது.

இவ்வுண்மை இன்றைய மேடைக்கும் பொருந்தும். சென்னையில் 2017இல் தோன்றிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவில் முன்னின்று பாடியவர்களுள் ஒருவர் அறிவு. அவர் எழுதி, தீயுடன் இணைந்து பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021இல் புகழ்பெற்றபோது, ஓர் ஏட்டின் அட்டை அவரை விடுத்தது. பாடல் யாருடையதென்ற வழக்கு எழுந்தது. 2024இல் தம் தனி இசைத்தொகுப்புக்கு அவர் இட்ட பெயரோ 'வள்ளியம்மா பேராண்டி'. வள்ளியம்மா, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவர்தம் பாட்டியார். பெயர் மறுக்கப்பட்டவர் மற்றொருவர் பெயரை முன்வைத்தார்.

தனித்துப் பாடுதல் குற்றமன்று. பிற்பாட்டை மறத்தலே குற்றம்.