பாதி வழி வந்தவன்

துணைக்கு வராதவனை உலகம் சுலபமாக மறந்துவிடுகிறது. துணைக்கு வந்து, பாதி வழியில் திரும்பிப் போனவனை மட்டும் மறப்பதே இல்லை. இது என்ன நியாயம்?

1952-ல் வெளிவந்த ‘ஹை நூன்’ என்ற அமெரிக்கப் படத்தில், பகல் பன்னிரண்டு மணி ரயிலில் ஒரு கொலைகாரன் பழிவாங்க வருகிறான். ஊர்க் காவல் தலைவர் துணைக்கு ஆள் தேடி அலைகிறார். ஒரு நண்பர் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு, ‘அவர் இல்லை’ என்று மனைவியைச் சொல்ல வைக்கிறார். ஹெர்ப் என்பவன் தானாகவே முன்வருகிறான். ஆனால் தன்னைத் தவிர வேறு யாருமே வரவில்லை என்று தெரிந்ததும், பெண்டாட்டி பிள்ளைகளைச் சொல்லி நழுவிவிடுகிறான். நமக்குக் கோபம் யார்மேல் வருகிறது? ஹெர்ப்பின் மேல்தான்!

கதை எழுதுகிறவனான எனக்கு, இந்தப் படத்துக்குப் பின்னால் நடந்த கதை இதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. வசனகர்த்தா கார்ல் போர்மன் ஒரு காலத்தில் கம்யூனிஸ்டாக இருந்தவர். 1951 செப்டம்பரில், படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு முன் அவர் நிற்க வேண்டி வந்தது. மற்றவர்களைக் காட்டிக் கொடுக்க அவர் மறுத்துவிட்டார். பழைய கூட்டாளிகள் விலகினார்கள்.

கதாநாயகன் கேரி கூப்பர் கம்யூனிஸத்துக்கு விரோதி. 1947-ல் அதே குழுவின் முன் அப்படியே சாட்சியும் சொன்னவர். அவர்தான் போர்மன் பக்கம் நின்றார். போர்மன் தொடங்கவிருந்த கம்பெனியில் சேரவும் சம்மதித்தார். பிறகு நாலா பக்கமும் நெருக்கடி வந்தது, விலகிக்கொண்டார். ஹெர்ப்பை எழுதிய கை, ஹெர்ப்பை நேரிலேயே கண்டது! ஆனால் போர்மன் அவர்மேல் கோபம் கொள்ளவில்லை. இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

1953-ல் கூப்பருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அவர் விழாவுக்கு வராததால், அவருக்காகப் பரிசை வாங்கிக்கொண்டவர் ஜான் வேய்ன். போர்மனை நாட்டைவிட்டுத் துரத்த உதவியதற்காகத் தாம் ஒருநாளும் வருந்தப்போவதில்லை என்று 1971-ல் பேட்டி கொடுத்தவர் அவர். கொள்கையில் கடைசிவரை தடுமாறாத மனிதர்தான். இருந்தாலும், அந்தத் தடுமாறாத மனிதரைவிடத் தடுமாறிய மனிதரிடம்தான் எனக்கு ஒட்டுதல் உண்டாகிறது.

பாதி வழி வந்தவனால் நஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவனை நம்பி ஒருவன் வாசலில் நிற்கிறான். வராதவனை அவன் நம்பவே இல்லை. வலி அதிகம் என்பது மெய். அந்த வலியைக் கணக்குப் பார்க்க உரிமையுள்ளவர் போர்மன், அவரோ பார்க்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்த உரிமை?

ஹெர்ப் சொன்ன பெண்டாட்டி பிள்ளைகள் பொய்யில்லை. அவர்களை வீட்டில் விட்டுவிட்டு, அவன் கொஞ்ச தூரமாவது வந்தான்.