அனுப்பும் பணமும் ஆளின் மதிப்பும்

வியாபாரம் நன்றாய் நடக்கும் மாதத்தில் ஊருக்குத் தவறாமல் பேசுகிறோம். பணமுடை வந்தால் பேச்சும் குறைந்துவிடுகிறது. "எந்த முகத்தோடு பேசுவது?" என்று நம்மவரில் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். அனுப்பும் தொகையே ஆளின் விலை என்று தமக்குத் தாமே சீட்டு ஒட்டிக்கொண்டார்கள் போலும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் ஹாரி ஹார்லோ என்னும் மனநூல் அறிஞர் 1950களில் ஒரு சோதனை செய்தார். தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறுங் கம்பி. மற்றொன்று மெத்தென்ற துணி போர்த்தியது. கம்பித் தாயிடம் மட்டுமே பால் இருந்தபோதும், குட்டிகள் பசியாற மட்டுமே அங்கே போயின. மற்ற நேரமெல்லாம் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. 1958இல் இதை அவர் வெளியிட்டார். வாயில்லாப் பிராணிகளை அப்படி வதைத்ததை நாம் மெச்சவில்லை.

பால் வேண்டாம் என்று எவர் சொன்னார்? பள்ளிக் கட்டணமும் மளிகைக் கடனும் பணத்தால்தான் அடையும். ஆயினும், பணம் நின்றதை வீட்டார் ஒருவாறு பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு நின்றதற்குப் பிள்ளை வேறு காரணம் தேடும். தன்மேல் ஏதோ குறை, அதனால்தான் அத்தாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று எண்ணும். நம் வெட்கத்துக்கு அந்தப் பிஞ்சு வட்டி கட்டுகிறது.

கல்லா வற்றியிருக்கும் அன்பர்கள் இன்றிரவு கடை அடைத்ததும் ஊருக்குப் பேசட்டும். இம்மாதம் அனுப்பத் தோதில்லை என்பதைப் பேச்சின் நடுவே சொல்லிக்கொள்ளலாம்.