புகழ்ச்சியும் நீதியும்

யாரை, எதற்காகப் புகழ்கின்றோம் என்பதில் ஒரு சமூகத்தின் அறவுணர்வு வெளிப்படுகின்றது. விளையாட்டுச் செய்தியும் இவ்வகையில் ஒரு மதிப்பீடே. ஆடவரையும் மகளிரையும் நமது விளையாட்டு எழுத்து ஒரே நியாயத்தால் அளக்கின்றதா என்பது இங்கு எழும் வினா.

1958இல் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் நா. எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் தாண்டித் தங்கப்பதக்கம் பெற்றார். அவ்விழாக்களில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. அவரைப் பற்றிய எழுத்துக்களில் உயரம் என்பது அவர் தாண்டிய உயரம். புன்னாலைக்கட்டுவன் தந்த வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் பற்றிய செய்திகளிலோ உயரம் என்பது பெரிதும் அவருடைய உடலின் உயரம். 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் அவர் ஆடினார்; 2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணப் போட்டியிற் கோல்களைக் குவித்தார். எனினும் 2.08 மீற்றர் என்னும் அளவே அவருக்கு அடைமொழியாயிற்று.

உயரம் அவருக்குப் பெருந்துணை என்பதை மறுப்பாரில்லை. ஆயின், வலைப்பந்தாட்டத்திற் பந்தைப் பற்றியவர் 3 விநாடிக்குள் அதனை எறிதல் வேண்டும், பந்துடன் ஓடலாகாது, 3.05 மீற்றர் உயரத்திலுள்ள வளையத்துக்குப் பின்பலகையும் இல்லை. நெடுமை இயற்கையின் கொடை. குறிதவறாமை பயிற்சியின் பேறு. கொடையைப் பாடிப் பேற்றை மறத்தல் நீதியாகாது.

ஆடவரின் உடலையும் வருணிக்கின்றனரே எனச் சிலர் வினவக்கூடும். உண்மையே. ஆனால் வேகப்பந்து வீச்சாளரின் தோள்வலியை எழுதுவோர் அதனைப் பந்தின் வேகத்துக்குக் காரணமாகக் காட்டுவர். பெண்ணின் உடலோ பல வேளைகளிற் காட்சிப்பொருளாகவே நின்றுவிடுகின்றது. உடலைச் சொல்வது பிழையன்று. உடலோடு நின்றுவிடுவதே பிழை.

இப்பார்வையின் கொடுமையை ஒரு நிகழ்ச்சி உணர்த்தும். 2006இல் தோகாவில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற தமிழகத்தின் சாந்தி சௌந்தரராஜன், பாற்பரிசோதனையின் பின் பதக்கத்தை இழந்தார். பரிசோதித்தது விளையாட்டு நிர்வாகம்; ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை உலகறியப் பரப்பியது செய்தித்துறை. அவர் ஓடிய ஓட்டம் மறக்கப்பட்டது, உடலே செய்தியாயிற்று.

பருத்தித்துறையில் ஹாட்லிக் கல்லூரியும் மெதடிஸ்த பெண்கள் உயர்தரப் பாடசாலையும் அயலயலே உள்ளன. இரண்டின் வெற்றிகளையும் எழுதப் புகும் இளம் நிருபர் தம்மைத் தாமே கேட்கத்தக்க வினா ஒன்றுண்டு. இம்மாணவியைப் பற்றி எழுதிய வாக்கியத்தை அயற்பாடசாலை மாணவனுக்கும் எழுதுவேனா? எழுதக் கை கூசுமாயின், அவ்வாக்கியம் அச்சேறத் தகாதது.