தலையாட்டுவது பொய்யா?

சங்கீதம் தெரியாதவன் சபையில் தலையாட்டினால் அது பொய் சொன்னதாகுமா? நான் பல வருஷம் அந்தப் பொய்யைச் சொன்னவன். ஒரு கச்சேரியில் பலமாக ஆட்டிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, பக்கத்து ஆசனத்துக்காரர், "என்ன ராகம், ஸார்?" என்று கேட்டுவிட்டார். பாவம், அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னமோ சொல்லிச் சமாளித்தேன். அன்று முதல் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். புரியாததை மதிக்கமாட்டேன் என்ற கர்வத்துக்கு நேர்மை என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

திருவையாற்றில் அது செல்லவில்லை. 1847-இல் தியாகராஜர் சித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமி திதி. காவிரிக் கரைப் பந்தலில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் பஞ்சரத்னம். நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து பாடுகிறார்கள். எனக்கு அடுத்தாற்போல் ஒரு பாட்டியும் பாடினாள். சுருதி சற்று விலகித்தான் போயிற்று. என் கை சும்மா இருப்பதைப் பார்த்து, "தாளமாவது போடேன் அப்பா" என்றாள். ஐந்துக்கும் ஆதி தாளம்; எட்டு எண்ணத் தெரிந்தால் போதும். எண்ணிக்கொண்டே வந்தபோதுதான் ஒரு விஷயம் காதில் பட்டது. ஒவ்வொரு சரணத்தையும் முதலில் ஸ்வரமாகப் பாடுகிறார்கள். பிறகு அதே மெட்டில் ஸாஹித்யம். ராகமும் தெரியாத, தெலுங்கும் தெரியாத எனக்கு, இரண்டாம் முறை வந்தபோது அது பார்த்துப் பழகிய முகமாக இருந்தது.

ஆரபியில் எங்கேயோ எண்ணிக்கை தவறிவிட்டது. தலை ஆடிக்கொண்டிருந்தது. பொய்யா மெய்யா என்று நான் யோசிப்பதற்குள் பாட்டி தன் துடையில் ஓங்கித் தட்டி எனக்குத் தாளம் எடுத்துக் கொடுத்தாள்.