மைக் மேல் பழி போடாதே

உன் போனில் ஒரு பட்டியல் இருக்கிறது. கண்டென்சர் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்டுடியோ மானிட்டர், மிடி கீபோர்டு, சுவரில் ஒட்டுகிற ஃபோம். எல்லாவற்றையும் கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறாய். தீபாவளித் தள்ளுபடி வரட்டும், போனஸ் வரட்டும், தனியாக ஒரு ரூம் கிடைக்கட்டும், அப்புறம் என் பாட்டை ரெக்கார்ட் செய்கிறேன் என்கிறாய். எத்தனை தீபாவளி போயிற்று? உன் பாட்டு எங்கே?

நேராகவே கேட்கிறேன். உன்னிடம் இல்லாதது பணமா, துணிச்சலா?

கோபம் வருகிறதா? வரட்டும். அந்தக் கோபத்தோடு மேலே படி. தம்பிக்கும் சொல்கிறேன், தங்கச்சிக்கும் சொல்கிறேன்.

நடந்தது இதுதான். ஒருநாள் ஆசையாகப் போனில் பாடிப் பதிந்தாய். திரும்பப் போட்டுக் கேட்டாய். குரல் மெலிந்து, மூக்கடைத்து, யாரோ பாடுவது மாதிரி இருந்தது. கூசிப்போய் அந்த நிமிடமே அழித்தாய். 'இந்த மைக் சரியில்லை' என்று தீர்ப்பும் எழுதினாய். அந்தப் பட்டியல் பிறந்தது அன்றைக்குத்தான்.

மைக்கின் குறை அதில் கொஞ்சம்தான். நீ பாடும்போது உன் குரல் உன் காதுக்கு இரண்டு வழியில் வருகிறது: ஒன்று காற்று, மற்றொன்று உன் மண்டை எலும்பு. எலும்பு வழி வரும் சத்தத்தில் கீழ்நாதம் கூடுதல். அதனால் உன் குரல் உனக்கு மட்டும் கனமாக, நிறைவாகக் கேட்கிறது. மைக்குக்கு எலும்பு வழி கிடையாது. காற்றில் வந்ததைத்தான் அது பிடிக்கும். பதிவில் கேட்டு நீ அருவருத்தாயே, ஊரும் வீடும் இத்தனை வருடமாகக் கேட்டுவருவது அந்தக் குரலைத்தான். உன்னோடு பேசுவதை யாராவது நிறுத்திவிட்டார்களா? பாடுகிற எல்லோரும் முதல் தடவை இப்படித்தான் கூசினார்கள். கூசிக்கொண்டே மறுபடி கேட்டவர்கள் பாடகர் ஆனார்கள். கூசி அழித்தவர்கள் கடைக்குப் போனார்கள். அறுபதாயிரம் ரூபாய் மைக் வாங்கினாலும் அதில் கேட்கப்போவது அதே குரல்தான், இன்னும் துல்லியமாக!

1982 ஜனவரி. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊர். ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடிக்கொண்டிருந்தார். அப்போதே அவர் பெரிய நட்சத்திரம். எந்த ஸ்டுடியோவும் அவருக்குக் கதவைத் திறக்கும். அவர் முன்னால் இருந்தது டியாக் 144 போர்ட்டாஸ்டுடியோ. நாம் சினிமாப் பாட்டு கேட்ட அதே வகைக் கேசட்டில் நாலு டிராக் பதிகிற பெட்டி. கூடவே இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக், மேடையில் ட்ரம்முக்கும் கிட்டார் ஆம்ப்புக்கும் முன்னால் நிறுத்துவார்களே, அது. தன் குழுவுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதிரிப் பதிவு வேண்டும், அவ்வளவுதான் அவர் நோக்கம். பிறகு குழுவோடு ஸ்டுடியோவுக்குப் போய் அதே பாடல்களை வாசித்துப் பார்த்தார்கள். கேசட்டில் இருந்த உயிர் அங்கே வரவில்லை. உறைகூட இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கேசட்டையே கடைசியில் ஆல்பமாக வெளியிட்டார்கள். 'நெப்ராஸ்கா' என்று பெயர். அவருடைய சிறந்த ஆல்பங்களில் ஒன்றாக இன்றுவரை அதைச் சொல்கிறார்கள்.

'அவர் ஸ்பிரிங்ஸ்டீன், நான் யார்?' என்பாய். அதைத்தானே நானும் சொல்கிறேன்! அவரிடம் பாட்டு இருந்தது, தேய்ந்த விரல் இருந்தது, பல வருட மேடை இருந்தது. உன் பட்டியலில் அந்த மூன்றும் இல்லையே, ஏன்? உன் கையில் இருக்கும் போன் அந்த நாலு டிராக் பெட்டி செய்ததைவிட அதிகம் செய்யும்.

அதே 1982 முடிவில் 'த்ரில்லர்' வந்தது. மைக்கேல் ஜாக்சன் குரலுக்கு ஒலிப்பொறியாளர் ப்ரூஸ் ஸ்வீடியன் வைத்தது ஷூர் எஸ்எம்7. ஸ்டுடியோக்காரர்கள் பெருமையாகக் காட்டும் விலை உயர்ந்த கண்டென்சர் அல்ல, ஒரு டைனமிக் மைக். ஆனால் இதைக் காட்டி உன்னை ஏமாற்ற மாட்டேன். அந்த ஸ்டுடியோ உலகத்தரம். ஸ்வீடியனின் காதும் அப்படித்தான். வரிசையைக் கவனி: பாடகர், அறை, காது. மைக்கின் இடம் அதற்கும் பிறகுதான்.

ஆகவே அறைக்கு வா. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டு. தட்டிய சத்தத்தின் வாலில் 'ட்ரிங்' என்று ஓர் உலோக ஒலி ஓடுகிறதா? வெற்றுச் சுவர் இரண்டுக்கும் நடுவே சத்தம் மாறி மாறி முட்டித் திரும்புகிறது. சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள நம் வீடுகளில் இது இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். உன் பதிவு 'பாத்ரூமில் பாடின மாதிரி' கேட்பதற்குக் காரணம் இதுதான். எந்த விலை மைக்கும் இதைத் தீர்க்காது. கண்டென்சர் வாங்கினால் இன்னும் மோசம்: அது நுட்பமாகக் கேட்கும், அறையின் குறையையும் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் சேர்த்து.

மெத்தையை எடுத்து நிமிர்த்து. எங்கே நிறுத்துவாய்? பலரும் மைக்குக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். பாட்டுக்குப் பயன்படும் மைக் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. அதற்கு முன்புறம்தான் நன்றாகக் கேட்கும், முதுகுப்புறம் கிட்டத்தட்டச் செவிடு. அது பார்ப்பது உன்னையும், உனக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். மெத்தை நிற்கவேண்டியது உன் முதுகுக்குப் பின்னால். மெத்தை இல்லையென்றால் துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதற்கு முதுகு காட்டி நில். அம்மாவின் பட்டுப் புடவைகள் வருடம் முழுக்கச் சும்மாதானே தொங்குகின்றன. தரையில் ஜமுக்காளம் விரி. முட்டை அட்டையை ஒட்டுகிற பழைய மூடநம்பிக்கையை விட்டுவிடு, ஒரு பிரயோசனமும் இல்லை. மெல்லிய ஃபோமும் மேல்நாதத்தை மட்டுமே உறிஞ்சும். பத்தடி அகல அறையில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கீழ்ச்சத்தம் வீங்கும். ஒரு அங்குல ஃபோமுக்கு அது இருப்பதே தெரியாது.

ஃபேனை நிறுத்து. ஃபிரிட்ஜையும் அரைமணி நேரம் நிறுத்து, பால் கெட்டுவிடாது. லேப்டாப்பில் பதிகிறாய், 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார். நம் வீட்டு எர்த் இணைப்புகளின் லட்சணம் அப்போது தெரியும். விடியற்காலை நாலரைக்கு எழு. பஸ் ஓடாது, குக்கர் விசில் அடிக்காது. மே மாதச் சென்னையில் ஃபேன் இல்லாமல் வியர்க்கும். வியர்க்கட்டும்!

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில். தூரம் இரு மடங்கானால் குரலின் அளவு 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். தூரம் போனால் அறை ஜெயிக்கும், ஒட்டி நின்றால் கீழ்நாதம் தடிக்கும். நேராக வாயை நீட்டாமல் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வை, 'ப' வரும்போது காற்று மோதாது. எம்ப்ராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டி முன்னால் நிறுத்தினால் பாப் ஃபில்டர் தயார். கெயினை முடுக்காதே. உச்சத்தில் பாடும்போது மீட்டர் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் நடுவே ஆடினால் போதும். சிவப்பைத் தொட்டால்தான் கெத்து என்பது டேப் காலத்துப் பழக்கம். டிஜிட்டலில் பூஜ்யத்தைத் தாண்டினால் குரல் கிழியும், ஒட்டவே முடியாது.

வாத்தியத்துக்கு வருவோம். புது கிட்டார் வாங்கத் துடிக்கிறாயே, இருக்கிற கிட்டாருக்குக் கடைசியாகக் கம்பி மாற்றியது எப்போது? துரு ஏறிய கம்பியை வைத்துக்கொண்டு மரத்தைத் திட்டுகிறாய். கம்பி மாற்று, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூன் செய். மைக்கை ஓட்டைக்கு நேராக வைத்தால் 'டும் டும்' என்று வீங்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டைப் பார்த்து ஓரடி தள்ளி வை. புல்லாங்குழலுக்கு ஊதும் துளையின் முன்னால் வைத்தால் காற்றுச் சத்தம்தான் பதியும். சற்று மேலே, விரல்கள் பக்கமாக நகர்த்து. நாதஸ்வரமா, மைக்கைச் சுவர்வரை தள்ளி வை, அப்போதும் கேட்கும்.

மிருதங்கக்காரர்களுக்கு ஒரு தனி வார்த்தை. மைக் ஒன்றுதான் என்றால் வலந்தலைக்கும் தொப்பிக்கும் நடுவில், முன்புறம் இரண்டடி தள்ளி ஆரம்பி. தொப்பி அமுங்கினால் அந்தப் பக்கம் ஒரு சாண் நகர்த்து. தொப்பியில் அப்பிய ரவை காயக் காய நாதம் மாறும். முதல் டேக்கையும் ஆறாவது டேக்கையும் வெட்டி ஒட்டினால் இரண்டு வாத்தியம்போல் கேட்கும். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கட்டும். இதை எந்த மைக் கம்பெனியும் உனக்குச் சொல்லித்தராது. உன் குருவுக்குத் தெரியும், கேள்.

கையில் காசே இல்லையா? இரண்டு போன் போதும். ஒன்றில் தம்பூரா ஆப்பை ஓடவிட்டு இயர்போனில் கேள். மற்றொன்றை ஃப்ளைட் மோடில் போட்டு, புத்தக அடுக்கின் மேல் வைத்துப் பாடு. கம்ப்யூட்டர் இருந்தால் ஆடாசிட்டி இலவசம், மேக் என்றால் கராஜ்பேண்டும் இலவசம். ராப் பாடகர் கெண்ட்ரிக் லாமாரின் 2017 ஆல்பமான 'டேம்'மில் ஸ்டீவ் லேசி தயாரித்த பாட்டு ஒன்று இருக்கிறது; ஐபோனிலேயே கராஜ்பேண்டில் இசையமைத்துப் பெயர் வாங்கியவர் அவர். பசித்தவன் பாத்திரக்கடையில் நிற்பதுபோல் நீ இன்னும் ரிவ்யூ வீடியோ பார்த்துக்கொண்டிரு!

'ஏ.ஆர். ரஹ்மான் ஸ்டுடியோ கட்டித்தானே ஜெயித்தார்?' என்று எதிர்க்கேள்வி போடுவாய். நல்ல கேள்வி. கோடம்பாக்கத்து வீட்டின் பின்புறம் 1989இல் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவை அமைத்தார். 1992இல் 'ரோஜா' வந்தது. அம்மாவின் நகை கருவியாக மாறிய கதையை அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்கு முன்னால் என்ன நடந்தது? சிறுவனாக இருந்தபோதே கீபோர்டோடு மற்ற இசையமைப்பாளர்களின் குழுக்களில் வருடக்கணக்காக உட்கார்ந்தவர். விளம்பர ஜிங்கிள்களுக்கு இசையமைத்துக் கை பழகியவர். கருவி வந்தபோது அதை வேலை வாங்கும் கை தயாராக இருந்தது. அந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு வீட்டில் நகை கேட்காதே.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்துப் பாட்டு பதிந்து முடி, பிறகு வாங்கு. முதலில் காதை மூடுகிற வகை ஹெட்போன், திறந்த வகை என்றால் தாளத்துக்கு ஓடவிடும் கிளிக் சத்தம் மைக்கில் ஒழுகும். அடுத்து இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ், ஒரு டைனமிக் மைக், ஆடாத ஸ்டாண்ட், நல்ல கேபிள். பாடும்போது ஹெட்போனில் உன் குரல் பிந்தி வந்தால் டைரக்ட் மானிட்டர் பட்டனை அழுத்து, தாளம் நேராகிவிடும். அதோடு நிறுத்து. மானிட்டர் ஸ்பீக்கரெல்லாம் அறையைச் சரிசெய்த பிறகு.

இப்போது வேலை. ஒரு பாட்டை எடு. மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பதிந்து முடி. பிடிக்கவில்லை என்றாலும் அழிக்காதே. முழுதாக மூன்று முறை கேள், கூச்சம் கூடவே உட்காரட்டும். பிறகு உன்னைவிட நன்றாகப் பாடுகிற ஒருவருக்கு அனுப்பு. 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் பதில் வரும். 'எந்த வரியில் சுருதி விலகுகிறது?' என்று கேள். பதில் வந்த அன்றைக்கே அந்த வரியை மறுபடி பாடிப் பதிந்து அவருக்கே திருப்பி அனுப்பு.